இடுக்கில் நின்ற ஜீப்

பதினாறு வருடம் நான் ஆப்பிரிக்காவைப் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தக் கண்டத்தின் ஆறுகள், ஏரிகள், புல்வெளிகள், எங்கே எப்போது மழை பெய்யும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். நேரில் போன அதிகபட்ச தூரம் திருச்சி, அதுவும் ஒரு கல்யாணத்துக்கு. ஏற்காட்டில் மிஷன் பள்ளிக்கூடத்துப் பூகோள வாத்தியாருக்கு உலகம் என்பது சுவரில் ஆணியடித்து மாட்டிய ஒரு துணிப்படம். அதிலும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையைக் கரையான் தின்றிருந்தது. அந்த நாடுகளை நான் வேகமாகக் கடந்துவிடுவேன்.

இப்படிப்பட்ட ஒருவன் எண்பதுகளின் பின்பாதியில் சேர்வராயன் மலையில் ஒரு சஃபாரி நடத்தினான் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அப்போது எங்கள் பக்கத்தில் சஃபாரி என்றால் சேலத்துப் பெரிய மனிதர்கள் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு வரும் உடுப்பு. நான் நடத்தியதும் அந்த உடுப்பைப் போலவேதான் இருந்தது. வேர்த்தது, இறுக்கியது, எப்போது கழற்றி எறிவோம் என்றிருந்தது.

ஆரம்பித்து வைத்தவர் ஒரு பிரதர். எங்கள் பள்ளியை நடத்திய சபையைச் சேர்ந்தவர். இருபது வருடம் தான்சானியாவில் வேலை பார்த்துவிட்டு, முட்டிவலியோடும் ஒரு ஸ்லைடு புரொஜெக்டரோடும் ஏற்காட்டுக்கு ஓய்வெடுக்க வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் என்னைப் பிடித்துக்கொள்வார். அங்கே ஒரு வட்டாரத்தில் கிராமத்துக்காரர்களே காட்டு விலங்குகளுக்குக் காவலாம். யானை சோளத்தைத் தின்றாலும் பொறுத்துக்கொள்வார்களாம். வெளியூர் ஆட்கள் வண்டி வைத்துக்கொண்டு வந்து பார்த்துப் போவார்களாம். அந்த வரும்படியில் ஊருக்கு ஒரு கிணறும் ஒரு பள்ளிக்கூடமும் வந்ததாம்.

“அங்க வேலியை நம்பல தம்பி, ஆளை நம்பினாங்க” என்பார்.

எனக்கு அந்த வாக்கியம் பிடித்துப்போயிற்று. ஒரு வாக்கியம் பிடித்துப்போனால் அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் நான். என் மனைவிக்கு இது தெரியும். “உங்களுக்கு வாக்கியம் புடிச்சா எனக்குக் காய்ச்சல் புடிக்குதுங்க” என்று அப்போதே சொன்னாள்.

அந்த வாக்கியத்துக்கு உடனே வேலை வந்தது. செம்மநத்தத்துக்கு அப்பால், பஸ் போகாத ஒரு சின்ன ஊர். சாமை, கேழ்வரகு, வீட்டுக்கு நாலு காபிச் செடி. மற்ற நாளெல்லாம் எஸ்டேட்டில் கூலி. அந்த ஊர்ப் பிள்ளைகள் சிலர் எங்கள் ஹாஸ்டலில் தங்கிப் படித்ததால் எனக்குப் பழக்கம். ஊருக்குக் கீழே ஒரு பள்ளக்காடு இருந்தது. அதில் கொஞ்சம் காட்டெருமைகள் தங்கியிருந்தன. எங்கள் பக்கத்தில் அவற்றை மாடு என்றே சொல்வார்கள். ரேஞ்சர் ரோந்து போனபோது, மோட்டார் சைக்கிள் பிரேக் ஒயரில் செய்த இரண்டு கண்ணிகள் அங்கே கிடைத்துவிட்டன. ஒன்றில் ரத்தமும் கொஞ்சம் தோலும் ஒட்டியிருந்தன. பள்ளக்காடு முழுவதையும் முள்கம்பி போட்டு அடைத்துவிடுவது என்று வனத்துறை ஆபீசில் பேச்சு எழுந்தது.

அந்த ஊரின் தலைவர், ஊர்க்கவுண்டர், ஒரு சனிக்கிழமை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி, உயரம், தோளில் சிவப்புத் துண்டு.

“ஏனுங்க வாத்தியாரே, ஊட்டுலதான் இருக்கறீங்களா?”

“உள்ள வாங்க கவுண்டரே.”

“உக்கார நேரமில்லீங்க. வேலி போடறாங்களாமே? போட்டுட்டா சீமாறு கட்டற புல்லுக்கு நாங்க எங்கீங்க போறது? கடுக்காய்க்கு எங்கீங்க போறது? கோடையில மாட்டுக்குத் தண்ணி அந்தப் பள்ளத்துலதானுங்க. அடைச்சுட்டாங்கன்னா நாங்க மலைய உட்டு எறங்கோணுமுங்க. வேற வழியே இல்லீங்க.”

“கண்ணி வெச்சது யாருங்க?”

“எங்கூர்க்காரந்தாங்க. இல்லீன்னு சொன்னா நீங்க நம்பவா போறீங்க?”

அந்த நேர்மைக்குப் பதிலாகப் பிரதரின் வாக்கியத்தைச் சொன்னேன். “ஆளை நம்பறதுங்களா? யாரு, நம்மளையா?” என்றார் கவுண்டர்.

அடுத்த வாரம் பள்ளிக்கூட ஹாலில் ஊரைக் கூட்டி பிரதரின் படங்களைப் போட்டுக் காட்டினோம். பட்டப்பகல். காபி மூட்டைச் சாக்குகளை ஜன்னல்களில் கட்டி இருட்டாக்கினோம். முப்பது பேர் நடந்தே வந்திருந்தார்கள். வரிக்குதிரை வந்ததும் சிரித்தார்கள். ஒட்டகச்சிவிங்கி வந்தபோது இது வரைந்தது என்று ஒருவர் எழுந்தே போய்விட்டார். ஒரு படத்தில் கூரை திறந்த வண்டியில் நாலு பேர் பைனாகுலரோடு உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் புல்வெளி, வேறு ஒன்றுமில்லை.

“இவங்க எதுக்குங்க சும்மா உக்காந்திருக்கறாங்க?” என்றார் கவுண்டர்.

“சிங்கம் வரட்டும்னு காத்திருக்காங்க” என்றேன்.

“எத்தன நேரம்?”

“சில நாள் முழு நாளும்கூட.”

“ஏன், ஆளனுப்பிக் கலைச்சுக் கொண்டாரச் சொல்லக் கூடாதுங்களா?”

ஹால் முழுவதும் சிரித்தது. அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான்.

ஊர் கூடிப் பேசியது. சேர்வராயன் கோயிலுக்குப் போய், இனிக் கண்ணி வைப்பதில்லை, வேட்டையாடுவதில்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். நான் வேதக்காரன், கிறிஸ்தவன் என்பதால் கோயில் குகைக்கு வெளியே, காற்றில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு சாட்சியாக நின்றேன். பிறகு நாலு பக்கத்துக்கு ஒரு மனு எழுதினேன். அதில் தான்சானியா ஒன்பது இடத்தில் வந்தது. ஊரே காவல் காக்கும், மாடு சாமையைத் தின்றாலும் ஊர் பொறுத்துக்கொள்ளும், பார்க்க வருகிறவர்களை ஊரே அழைத்துப்போய்க் காட்டும், வேலி வேண்டாம் என்று எழுதினேன். இதற்கு நானே பொறுப்பு என்றும் கடைசியில் சேர்த்தேன். யாரும் கேட்காமலே சேர்த்தது அது.

சேலத்திலிருந்து வன அதிகாரியின் பதில் ரேஞ்சர் வாயிலாக வந்தது. மனு படித்தாராம், சுவாரசியமாக இருந்ததாம். ஆனால் வாயால் சொன்னால் போதாது. ஒரு காலை அவரே வந்து பார்ப்பார். மாடு இருக்கிறதா, ஊர்க்காரர்களுக்கு அதைப் பற்றி ஏதாவது தெரியுமா, காட்ட முடியுமா என்று பார்ப்பார். திருப்தியானால் மேலே எழுதுவார். இல்லையென்றால் அடுத்த மாதமே கம்பி வந்து இறங்கும்.

அந்தச் செய்தியைச் சொல்ல நானே நடந்துபோனேன். கவுண்டர் கேழ்வரகுக் காட்டில் நின்றபடி கேட்டுக்கொண்டார்.

“வர்றவங்க பாக்காமத் திரும்பிப் போயிரக் கூடாது. அவ்வளவுதானுங்களே?”

“அவ்வளவுதாங்க” என்றேன்.

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு மலை ஏறி வந்தேன். வாத்தியார் வேலையில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு பாடத்தைப் பதினாறு வருடம் நடத்திவிட்டால், கேட்டவனுக்கும் அது புரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வோம்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாடு வராவிட்டால் என்ன செய்வது? மாடு என்ன, மணியடித்தால் வருவதற்கு மாணவனா? மாணவர்களே வருவதில்லை. பாடம் நடத்தும்போது ஜன்னல் வழியே தூரத்தில் ஏதாவது கறுப்பாகத் தெரிந்தால் அது மாடோ என்று நின்றுவிடுவேன். பெரும்பாலும் அது எங்கள் தலைமையாசிரியராக இருக்கும்.

“முப்பது பசங்கள ஒழுங்கா உக்கார வெக்க முடியல. காட்டெருமைய வரிசையில நிக்க வெக்கப் போறாராம்” என்று மனைவி அடுப்படியிலிருந்து சுவருக்குச் சொல்வாள்.

ஜீப்புக்குக் கடைவீதி பாயைப் பிடித்தேன். பலசரக்குக் கடை வைத்திருந்தார். கூடவே ஒரு பழைய ஜீப். ஆரஞ்சு, பலா, காபி மூட்டை, கல்யாண வீட்டுப் பாத்திரம் எல்லாம் அதில்தான் மலையைச் சுற்றும். சேலத்து ஆள், சொல்லுக்குச் சொல் வம்பு.

“வாத்தியாரே, அது முட்டுனா என்ன ஆகும்?”

“முட்டாது பாய். ஆப்பிரிக்காவுல தினமும் பக்கத்துல போய்ப் பாக்கறாங்க.”

“அது ஆப்பிரிக்கா மாடு. படிச்ச மாடு. நம்ம மாட்டுக்கு என் வண்டி ஜீப்புன்னு தெரியுமா, இன்னொரு மாடுன்னு நெனச்சுக்குமா? ஹாரனும் அப்படித்தான் கத்துது.”

அந்த நாளும் வந்தது. தை பிறந்து கொஞ்ச நாள், விடிந்தும் விடியாத பனி. அதிகாரி மனைவியையும் அழைத்து வந்திருந்தார். அதிகாரிக்கு நாற்பதுக்குள் வயது, மெதுவான பேச்சு. கையில் ஒரு பைல் வைத்திருந்தார். அந்த அம்மாள் மடியில் பிளாஸ்க்கும், பிஸ்கட் டப்பாவும், அசையாத ஒரு நம்பிக்கையும் வைத்திருந்தார். “எத்தனை மணிக்கு சார் வரும்?” என்று என்னைக் கேட்டார். சினிமாவுக்கு வந்தவர் கேட்பதுபோல.

ஊருக்குக் கீழே கவுண்டர் எங்களுக்காகக் காத்திருந்தார். வெள்ளை வேட்டி, துவைத்த சட்டை. வேறு ஒரு ஆளையும் காணோம். அதிகாரி அதைக் கவனித்தார்.

“ஊர்க்காரங்க யாரும் இல்லையா?”

“வேலைக்குப் போயிருக்கறாங்கங்க” என்றார் கவுண்டர். பொய் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது.

ஜீப்பில் முன்னால் ஏறிக்கொண்டு அவரே வழி காட்டினார். பள்ளக்காட்டின் மேல்முனையில் இரண்டு பெரிய பாறைகள். இடையே ஒரு வண்டி நிற்கும் அளவுக்குத்தான் இடைவெளி. இரண்டு பக்கமும் உன்னிச்செடி புதராக மண்டியிருந்தது. அந்த இடுக்கில் வண்டியை நிறுத்தச் சொன்னார். பாய் கொஞ்சம் தள்ளி நிறுத்தப் பார்த்தார்.

“அங்க வேண்டாமுங்க. இங்கதான் நிக்கோணும். மூஞ்சி பள்ளத்தப் பாத்து இருக்கோணும்.”

“திருப்ப எடமே இல்லையே கவுண்டரே? ரிவர்சுல போகணும்னா…”

“போக வேண்டியிருக்காதுங்க.”

உட்கார்ந்திருந்தோம். பனி ஏறி இறங்கியது. ஒரு மணி நேரம் போனது. ஒரு அணில் வந்தது. இரண்டு கொண்டைக்குருவிகள் வந்தன. அம்மாள் அணிலைப் பார்த்து மகிழ்ந்தார், பிறகு அதுவும் அலுத்துவிட்டது. அதிகாரி பைலைத் திறந்தார், மூடினார், கடிகாரத்தைப் பார்த்தார். அவர் கடிகாரத்தைப் பார்த்த ஒவ்வொரு தடவையும் நான் ஆப்பிரிக்காவைப் பற்றி ஒரு செய்தி சொன்னேன். ஏரிகளின் ஆழம் வரைக்கும் வந்துவிட்டேன். கவுண்டர் மட்டும் சாமி கும்பிடப் போனவர்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இந்த மனிதருக்குக் கொஞ்சம்கூடக் கவலையில்லையே, இவர் ஊர்தானே போகப்போகிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

இரண்டாவது மணி நேரம் முடிகிறபோது கீழே, மிகத் தூரத்தில், தப்பட்டைச் சத்தம் கேட்டது.

“ஊர்ல விசேஷமா?” என்றார் அதிகாரி.

“சேர்வராயன் கோயில்ல… திருவிழா மாதிரி…”

“அது மே மாசமில்ல?”

இடது பக்கச் சரிவிலிருந்து யாரோ தகரம் தட்டினார்கள். வலது பக்கத்திலிருந்து “ஓ… ஓ…” என்று குரல்கள். பிறகு நாய்கள், ஒன்றல்ல, ஏழெட்டு. சத்தம் மூன்று பக்கமிருந்தும் வந்தது. நாலாவது பக்கத்தில் மட்டும் வரவில்லை. அங்கே நாங்கள் இருந்தோம்.

பூகோளம் படித்தவனுக்கு நிலத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். எனக்கு அது அந்த நிமிடத்தில்தான் முதல்முறையாக வந்தது. கீழே அகலமாகத் தொடங்கும் பள்ளம் மேலே வர வர ஒடுங்குகிறது. இரண்டு பக்கமும் செங்குத்து. மேல்முனையில் இரண்டு பாறை. வெளியேற ஒரே ஒரு வழி. அந்த வழியில் பாயின் ஜீப், அதில் வன அதிகாரி, அவர் மனைவி, ஒரு டப்பா பிஸ்கட்.

கவுண்டரின் காதருகே குனிந்தேன். “என்னங்க இது?”

“கலைச்சுட்டு வர்றாங்கங்க.” முகத்தில் பெருமை. “ஊர் முச்சூடும் விடியறதுக்கு முன்னாலயே எறங்கிருச்சு. பாக்காமத் திரும்பிப் போகக் கூடாதுன்னு சொன்னீங்களே? பொங்கல் வேட்டைக்கு இந்த எடுக்குலதானுங்க நாங்க உக்காருவோம். மாடோ பன்னியோ, ஓட்டுனா இப்படித்தான் வந்தாகோணும். அய்யாவுக்கு நல்ல எடமாக் குடுத்திருக்கறோமுங்க.”

“முட்டிருமே!”

“வேட்டையில இருந்தா ஈட்டி வெச்சிருப்போமுங்க. இப்பத்தான் சத்தியம் பண்ணிட்டமே.”

இதை அவர் எனக்கு ஆறுதலாகச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

“நிறுத்தச் சொல்லுங்க. இப்பவே.”

அவர் முகம் அப்போதுதான் மாறியது. கீழே பார்த்தார். வண்டியைப் பார்த்தார். அம்மாள் தலையைப் பின்னால் சாய்த்து மூன்று பக்கமும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பாய் சாவியைத் திருப்பினார். அந்தக் குளிரில் என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டுப் படுத்தது.

“நிறுத்தறதுக்கு ஒரே கூவல்தானுங்க இருக்குது” என்றார் மெதுவாக. “விழுந்திருச்சுன்னு கூவோணும். அதக் கேட்டாத்தான் நிப்பாட்டுவாங்க. மத்தது எதச் சொன்னாலும் அங்க கேக்காதுங்க.”

விழுந்துவிட்டது என்றால் மாடு செத்துவிட்டது என்று அர்த்தம். அதை மலை முழுக்கக் கேட்கும்படி, வன அதிகாரியின் காதருகே நின்று கூவ வேண்டும்.

கூவாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். கூவினால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். இரண்டிலும் வேலி வந்தது. முதலாவதில் கூடுதலாக என் ஆயுசும் முடிந்தது. அதிகாரி எங்கள் பக்கம் திரும்பி, “என்ன சார், ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்டார். கீழே உன்னிச்செடிகள் அசைய ஆரம்பித்தன. காற்றில் அசைகிற மாதிரி இல்லை. ஏதோ கனமானது உடம்பால் பிளந்துகொண்டு வருகிற மாதிரி.

கவுண்டர் வண்டியிலிருந்து இறங்கினார். ஒரு பாறைமேல் ஏறி, இரண்டு கையையும் வாயில் குவித்து, “விழுந்திருச்சோ… ஓஓ… விழுந்திருச்சோ!” என்று கூவினார். அந்த ஒல்லி உடம்பில் அவ்வளவு குரல் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

தப்பட்டை பாதி அடியில் நின்றது. தகரம் நின்றது. நாய்களை யாரோ அதட்டினார்கள், அவையும் அடங்கின.

அந்த அமைதியில் அவை வெளியே வந்தன. முதலில் ஒரு கிழப்பசு, பனி படிந்த கறுப்பு முதுகு, நாலு காலிலும் வெள்ளைக் காலுறை. ஜீப்பிலிருந்து இருபது கெஜம். பின்னால் நெருக்குதல் இல்லாததால் நின்றது. எங்களைப் பார்த்து மூக்கால் ஒரு சீறல் விட்டது. அதன் பின்னால் மற்றவை ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. பாய் கலிமா சொல்லிக்கொண்டிருந்தார். நானும் எனக்குத் தெரிந்ததைச் சொல்ல ஆரம்பித்து, நடுவில் செத்தவர்களுக்குச் சொல்லும் நித்திய இளைப்பாற்றி செபத்துக்குப் போய்விட்டேன். அதிகாரி மூச்சு விடுகிறாரா என்றே தெரியவில்லை.

எவ்வளவு நேரம் என்று சொல்லமுடியாது. கிழப்பசு தலையைத் திருப்பியது. எங்களுக்கு அது செங்குத்தாகத் தெரிந்த பக்கத்தில், பாறையை ஒட்டி ஏதோ ஒரு தடம் கண்டுபிடித்து மேலேறியது. மற்றவை அதன் பின்னால் போயின. கடைசியாக ஒரு கன்று, பின்னங்கால் ஒன்றை ஊன்றாமல், விந்தி விந்தி. அதுவும் ஏறி மறைந்தது.

அந்த அம்மாள் மெல்ல, “எவ்வளவு அழகு” என்றார். அப்போதுதான் ஊர் வந்து சேர்ந்தது.

விழுந்துவிட்டது என்ற கூவலைக் கேட்டால் ஓடிவர வேண்டியது அந்த ஊர் வழக்கம். முதலில் வருகிறவனுக்கு நல்ல கறித்துண்டு. இருபத்தைந்து பேர், ஏழெட்டு நாய்கள், மலையில் எல்லார் இடுப்பிலும் எப்போதும் இருக்கும் கொடுவாள். இரண்டு பேர் ஓடுகிற ஓட்டத்திலேயே கறி பொதியத் தேக்கிலை பறித்துக் கையில் வைத்திருந்தார்கள்.

“எங்கீங்க விழுந்துச்சு?”

“கெடாயா, பசுவா?”

முன்னால் வந்த ஒருவர், ஜீப்பையும் அதிகாரியின் காக்கியையும் பார்த்துவிட்டு, வாய் நிறைய மரியாதையோடு, “அய்யாவா அடிச்சீங்க?” என்று கேட்டார்.

மாவட்டத்தின் காட்டு விலங்குகளுக்கெல்லாம் காவலரான அந்த மனிதரின் முகம் போன போக்கை எழுத எனக்குத் தெம்பில்லை. அவர் என்னைப் பார்த்தார். மனுவில் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டவனைத்தானே பார்ப்பார். நான் கவுண்டரைப் பார்த்தேன்.

கவுண்டர் பாறையிலிருந்து இறங்கி வந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் போட்டுக்கொண்டார்.

“ஒண்ணும் விழுகலீங்க. நாந்தான் பொய்யாக் கூவுனேன்.”

கூட்டம் கப்பென்று அடங்கியது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள். ஒருவர் மட்டும், “நீங்களா?” என்றார்.

“நானேதாங்க. அய்யா, தப்பு எங்களுது. வந்தவங்க பாக்கோணுமேன்னு ஓட்டுனோம். வாத்தியாருக்குத் தெரியாது. ஓட்டுறது தப்புன்னு எங்களுக்கு யாரும் சொல்லல. சொல்லியிருந்தாலும் வேற எப்படிக் காட்டறதுன்னு எங்களுக்குத் தெரியாதுங்க.”

“இதுக்கு ஏன் எல்லாரும் உங்கள இப்படிப் பாக்கறாங்க?” என்று அதிகாரி கூட்டத்தைக் காட்டிக் கேட்டார்.

“பொய்யாக் கூவுனவன் இனி இந்த எடுக்குல உக்காரக் கூடாதுங்க. எங்கப்பன் உக்காந்த எடமுங்க இது. அதனாலதான்.”

“இனிமே வேட்டையே இல்லைன்னுதான் சத்தியம் பண்ணிட்டீங்களே?”

“ஆமாங்க” என்றார் கவுண்டர். “இருந்தாலும்.”

அதிகாரி பைலைத் திறந்து ஒரு தாளைப் பார்த்தார். “இந்தப் பள்ளத்துல எங்க கணக்குப்படி மூணு மாடு. இப்பப் போனது எத்தனை?”

“ஏழுங்க. எட்டு இருக்கோணும். ஒரு கெழ ஆம்பளை தனியாத் தலைச்சோலைப் பக்கம் திரியுதுங்க. காபிக்குள்ள படுத்துக்கும். முன்னால வந்த கெழவிக்கு வலது கொம்பு நுனி போயிருச்சு. ரெண்டாவதா நின்னது செனைங்க, சித்திரையில போடும். அந்தக் கன்னு…” நிறுத்தினார். “அது எங்க கண்ணியில மாட்டுனதுங்க. கால் இனி சரியாகாது.”

அவர் சொல்லச் சொல்ல அதிகாரி எழுதிக்கொண்டார். கன்றைப் பற்றிச் சொன்னபோது மட்டும் பேனா கொஞ்சம் நின்று, பிறகு அதையும் எழுதியது. பைலை மூடினார். நல்ல வேளையாக என்ஜின் மூன்றாவது முறைக்கு எடுத்தது. பாய் அந்த இடுக்கிலிருந்து ரிவர்சிலேயே கால் மைல் வந்தார். வழியில் அம்மாள் எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார்.

அதன் பிறகு ஒரு மாதம் ஒரு தகவலும் இல்லை. லாரி சத்தம் கேட்டாலே கம்பி வந்து இறங்குகிறது என்று எழுந்து வாசலுக்குப் போவேன். கவுண்டர் வாரச் சந்தைக்கு வரும்போதெல்லாம் பாய் கடைவாசலில் ஒரு நிமிடம் நிற்பார். என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கேட்பார். நான் இல்லை என்று தலையசைப்பேன். அவர் போய்விடுவார். ஊரில் அவருடன் பேச்சு கொஞ்சம் குறைந்திருப்பதாகப் பாய்தான் சொன்னார். “உங்க ஆப்பிரிக்காவால ஒரு மனுசன் மரியாதை போச்சு வாத்தியாரே” என்றார். பாய் வம்பு பேசுகிறவர்தான். ஆனால் அன்று வம்பாகச் சொல்லவில்லை.

கடிதம் ஒரு வியாழக்கிழமை, சந்தை நாளில் வந்தது. பிரித்துக்கொண்டே கடைவீதிக்கு ஓடினேன். கவுண்டர் உப்பும் மிளகாயும் வாங்கிக்கொண்டு நின்றார். பாய் தராசை அப்படியே விட்டுவிட்டு எட்டிப்பார்த்தார். நான் உரக்கப் படித்தேன்.

வேலி ஒரு வருடத்துக்கு இல்லை. பள்ளக்காட்டுக் காவல் ஊரின் பொறுப்பு. புல், கடுக்காய், தண்ணீருக்கு முன்போலவே போய்வரலாம். ஊர்க்கவுண்டர் மாதம் ஒருமுறை மாடுகளைப் பார்த்து எண்ணிக்கை சொல்ல வேண்டும், வாத்தியார் அதை எழுதி அனுப்ப வேண்டும். நாய், தப்பட்டை, தகரம், ஆள்கூட்டம் இவற்றைக் கொண்டு விலங்குகளைத் துரத்துவது எக்காரணம் கொண்டும் கூடாது. கண்ணி ஒன்று அகப்பட்டாலும் அன்றே ஏற்பாடு ரத்து. ஒரு வருடம் கழித்து அதிகாரி மறுபடியும் வந்து பார்த்து முடிவு செய்வார்.

“இன்னொருக்காப் படிங்க” என்றார் கவுண்டர். படித்தேன். கடைசி வரியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“மறுபடியும் வந்து பாப்பாருங்களா?”

“ஆமாங்க.”

“ஓட்டவும் கூடாது?”

“கூடாது.”

“அப்ப மாடு வரலீன்னா?”

நான் கடிதத்தை மடித்தேன். அந்தக் கேள்விக்குப் பிரதரிடம் ஸ்லைடு இல்லை. பகல் முழுக்கக் காத்திருப்பார்கள் என்று சொல்லலாம். ஆனால் இவருக்கு நான் ஒருமுறை சொன்ன பதில் என்ன செய்தது என்று எனக்குத் தெரியும்.

கவுண்டர் கையிலிருந்த உப்புப் பொட்டலத்தைப் பார்த்தார்.

“ஏனுங்க வாத்தியாரே, அந்தப் பாறைக்கிட்ட ரெண்டு படி கல்லுப்பு கொட்டி வெச்சா, அதுகளா நக்க வருமுங்க. அது ஓட்டறதுல சேருமுங்களா? காயிதத்துல ஏதாச்சும் போட்டிருக்குதுங்களா?”

கடிதத்தை மறுபடியும் பிரித்து, பாய் கடை வெளிச்சத்தில், முதல் எழுத்திலிருந்து கடைசி முத்திரை வரை படித்தேன். உப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. நான் கடிதத்தை இன்னொருமுறை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.